பிளாஸ்மா வெட்டுக் கருவியில் பற்றவைப்புக் கோளாறுகள்

பிளாஸ்மா வெட்டுக் கருவியில் பற்றவைப்புக் கோளாறு என்பது, விசையை அழுத்திய பின்னும் வெட்டுவதற்கான மின்வில் தோன்றாமல் போவதையோ, தோன்றியும் தகட்டுக்குத் தாவாமல் அணைந்துவிடுவதையோ குறிக்கும். பட்டறைகளில் இது "டார்ச் பற்றவில்லை" என்ற ஒரே புகாராகவே சொல்லப்படுகிறது. ஆனால் விசையை அழுத்துவதற்கும் தகடு வெட்டுப்படத் தொடங்குவதற்கும் இடையே, ஓரிரு நொடிகளுக்குள், பல நிகழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுகின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்று தவறினாலும் வெளியே தெரியும் விளைவு ஒன்றுதான். எனவே இக்கோளாற்றைக் கண்டறிவதன் முதற்படி, அந்தத் தொடர் எந்த நிகழ்வுவரை சரியாகச் சென்றது என்பதை அறிவதாகும்.

இவ்வாறு அறியாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது பொருட்செலவையும் நேர இழப்பையும் உண்டாக்கும். விலை உயர்ந்த மின்சுற்றுப் பலகையை மாற்றிய பிறகு, எர்த் கிளாம்ப் துருவின்மேல் மாட்டப்பட்டிருந்ததே காரணம் என்று தெரியவரும் நிலை பட்டறைகளில் புதிதல்ல.

அடிப்படை

வளிமம் ஒன்று மிக அதிக வெப்பத்தினால் அயனியாகி, மின்சாரத்தைக் கடத்தும் நிலையை அடையும்போது அது பிளாஸ்மா எனப்படுகிறது. பிளாஸ்மா வெட்டுதலில், டார்ச்சுக்குள் இருக்கும் எலெக்ட்ரோடு எனப்படும் மின்முனைக்கும் வெட்டப்படும் உலோகத் தகட்டுக்கும் இடையே மின்வில் எரிகிறது. இந்த வில்லை நாசில் எனப்படும் செம்பு முனையின் சிறு துளை வழியாக நெருக்கி அனுப்பும்போது அதன் வெப்பநிலை 20,000 பாகை செல்சியஸ் அளவை எட்டுகிறது. உருகிய உலோகத்தை வேகமாகப் பாயும் வளிமம் ஊதித் தள்ளுகிறது. அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் லிண்டே பிரிவில் பணியாற்றிய ராபர்ட் கேஜ் 1955-இல் விண்ணப்பித்து 1957-இல் பெற்ற காப்புரிமை இம்முறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. டங்ஸ்டன் முனையைக் கொண்ட பற்றவைப்பு டார்ச்சிலிருந்தே இது உருவானது.

பற்றவைப்பு ஏன் கடினமான செயல் என்பதை மின்னழுத்தங்களை ஒப்பிட்டால் விளங்கும். நடுத்தர அளவிலான ஒரு கருவியின் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது மின்வில் எரியாதபோது இருக்கும் மின்னழுத்தம், ஏறத்தாழ 250 முதல் 300 வோல்ட் ஆகும். இயல்பான காற்றில் 1 மி.மீ. இடைவெளியைத் தீப்பொறி தாண்டுவதற்கே 3,000 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும். பிரீட்ரிக் பாசென் என்ற செருமானிய இயற்பியலாளர் 1889-இல் வெளியிட்ட விதியின்படி, இத்தேவை வளிமத்தின் அழுத்தத்தையும் இடைவெளியின் நீளத்தையும் பெருக்கிவரும் அளவைப் பொறுத்தது. காற்றில் இதன் மிகக் குறைந்த மதிப்பே ஏறத்தாழ 330 வோல்ட் ஆகும். எனவே எரியும் வில்லைத் தாங்கிப் பிடிக்கும் வலிமை கருவியின் மின்வழங்கிக்கு உண்டு. வில்லைப் புதிதாகத் தோற்றுவிக்கும் வலிமை அதற்கு இல்லை. அதற்கெனத் தனி ஏற்பாடு வேண்டும்.

பற்றவைக்கும் இரு முறைகள்

உயர் அதிர்வெண் முறை: இதில் எலெக்ட்ரோடும் நாசிலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தீப்பொறி இடைவெளி, மின்தேக்கி, மின்மாற்றி ஆகியவை அடங்கிய சுற்று சில ஆயிரம் வோல்ட் அளவுள்ள உயர் அதிர்வெண் மின்துடிப்புகளை உருவாக்குகிறது. இத்துடிப்பு எலெக்ட்ரோடுக்கும் நாசிலுக்கும் இடையே உள்ள வளிமத்தை அயனியாக்கி ஒரு பாதையைத் திறக்கிறது. அப்பாதை வழியாக முதன்மை மின்வழங்கியிலிருந்து மின்சாரம் பாய்ந்து பைலட் வில் எனப்படும் சிறு வில்லை உருவாக்குகிறது. பைலட் வில் எரிந்ததும் உயர் அதிர்வெண் சுற்று நிறுத்தப்படுகிறது.

தொடு தொடக்க முறை: இதில் விசையை அழுத்தும் முன் எலெக்ட்ரோடு ஒரு வில்சுருளின் உதவியால் நாசிலைத் தொட்டுக்கொண்டிருக்கும். முதலில் இவ்விரண்டின் வழியாகச் சிறு மின்னோட்டம் பாய்கிறது. பின்னர் வளிமத்தின் அழுத்தம் எலெக்ட்ரோடைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தொடுமுனைகள் பிரியும் அக்கணத்தில் அவற்றுக்கிடையே பைலட் வில் தோன்றுகிறது. உயர் மின்னழுத்தத் துடிப்பு இம்முறைக்குத் தேவையில்லை. கையில் பிடித்து வெட்டும் இன்றைய காற்றுப் பிளாஸ்மா கருவிகள் பலவும், கணினிக் கட்டுப்பாட்டு மேசைகள் பலவும் இம்முறையில் இயங்குகின்றன.

இந்த வேறுபாட்டை அறியாமல் கோளாறு தேடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, எலெக்ட்ரோடுக்கும் நாசிலுக்கும் இடையே மல்டிமீட்டரால் தொடர்ச்சியைச் சோதிப்பதாகக் கொள்ளலாம். தொடு தொடக்க டார்ச்சில் தொடர்ச்சி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோளாறு. உயர் அதிர்வெண் டார்ச்சில் இரண்டும் நேரடியாகத் தொடக்கூடாது, தொட்டால் கோளாறு. ஒரே அளவீடு இரு கருவிகளில் நேரெதிரான பொருளைத் தருகிறது. கருவியின் உள்ளே உள்ள மின்தடை வழியாகவும் அளவி மதிப்புக் காட்டக்கூடும் என்பதால், இயன்றால் டார்ச் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிவிட்டு அளப்பது நல்லது.

பற்றவைப்பின் நிகழ்வு வரிசை

1. இயக்குபவர் விசையை அழுத்துகிறார், அல்லது கணினிக் கட்டுப்பாட்டிலிருந்து தொடக்கக் குறிப்பு வருகிறது.
2. பாதுகாப்பு நிபந்தனைகள் சரிபார்க்கப்படுகின்றன. வளிம அழுத்தம், டார்ச் மூடி பொருந்தியிருத்தல், உள்வெப்பநிலை, நீர்க்குளிர்ப்பு இருந்தால் அதன் ஓட்டம் ஆகியவை இவற்றுள் அடங்கும்.
3. வளிமம் பாயத் தொடங்குகிறது.
4. எலெக்ட்ரோடுக்கும் நாசிலுக்கும் இடையே திறந்த சுற்று மின்னழுத்தம் அல்லது தொடக்க மின்னோட்டம் வழங்கப்படுகிறது.
5. உயர் அதிர்வெண் துடிப்பினாலோ தொடுமுனைகள் பிரிவதாலோ பைலட் வில் தோன்றி, நாசில் துளைக்கு வெளியே நாக்குப் போல நீள்கிறது.
6. பைலட் வில் தகட்டைத் தொடும்போது மின்னோட்டத்தின் ஒரு பகுதி எர்த் கேபிள் வழியாகத் திரும்புகிறது. உணரி இதைக் கண்டறிகிறது.
7. பைலட் சுற்று துண்டிக்கப்பட்டு, முழு மின்னோட்டமும் தகட்டின் வழியாகப் பாய்கிறது.
8. கணினிக் கட்டுப்பாடு இருந்தால், வில் மாறிவிட்டது என்ற குறிப்பு அதற்கு அனுப்பப்பட்டு, டார்ச் நகரத் தொடங்குகிறது.

சில தொடு தொடக்கக் கருவிகளில் 3-ஆம், 4-ஆம் நிகழ்வுகளின் வரிசை மாறியிருக்கும். எனினும் கண்டறியும் முறை மாறுவதில்லை.

முதல் சோதனை: காற்றில் பற்றவைத்தல்

வரிசையை இரண்டாகப் பிரிக்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. முகக்காப்பும் கையுறையும் அணிந்து, டார்ச்சைத் தகட்டிலிருந்தும் ஆட்களிடமிருந்தும் விலக்கிப் பிடித்து, விசையைச் சிறிது நேரம் மட்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். பைலட் வில் வலுவாகவும் சீராகவும் வெளிவந்தால், 1 முதல் 5 வரையிலான நிகழ்வுகள் சரியாக நடக்கின்றன என்று பொருள். கோளாறு பெரும்பாலும் தகடு, எர்த் கேபிள், உயரம், மின்னோட்ட உணரி ஆகியவற்றின் பக்கம் இருக்கும். பைலட் வில் தோன்றாவிட்டால் எர்த் கிளாம்பைத் துடைப்பதால் பயனில்லை. டார்ச், வளிமம், மின்வழங்கி ஆகியவற்றின் பக்கம் தேட வேண்டும்.

பைலட் வில் எரியும் ஒவ்வொரு நொடியும் நாசிலைத் தேய்க்கும் என்பதால் இச்சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யக்கூடாது. பைலட் வில் சில நொடிகளில் தானாக அணைவது கோளாறு அன்று. பெரும்பாலான கருவிகள் அவ்வாறே வடிவமைக்கப்பட்டுள்ளன. காற்றில் பைலட் வில்லை அனுமதிக்காத கணினிக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் கையேடு கூறும் சோதனை முறையைப் பின்பற்ற வேண்டும்.

விசையை அழுத்தியும் எதுவும் நடக்காதபோது

வளிமமும் வராமல், ஒலியும் எழாமல் இருந்தால் கருவியின் பாதுகாப்பு நிபந்தனை ஒன்று நிறைவேறவில்லை என்று கொள்ளலாம். முகப்பில் உள்ள எச்சரிக்கை விளக்கையோ பிழை எண்ணையோ முதலில் பார்க்க வேண்டும். மூன்று முனை மின்சாரத்தில் இயங்கும் கருவிகளில் ஒரு முனை இல்லாமல் போவதும் காரணமாகலாம். அப்போது விளக்கும் விசிறியும் இயங்கக்கூடும் என்பதால் மின்சாரம் சரியாக வருகிறது என்ற தவறான எண்ணம் ஏற்படும்.

டார்ச் மூடி முழுமையாக முடுக்கப்படாதது இந்நிலையில் மிகப் பொதுவான காரணமாகும். மூடி இல்லாமல் மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக டார்ச்சுக்குள் ஒரு பாதுகாப்புத் தொடர்பு அமைக்கப்பட்டிருக்கும். புதிய பாகங்களை மாட்டிய உடனே கருவி இயங்காமல் போனால் இதையே முதலில் ஐயுற வேண்டும். மூடி சரியாக இருந்தும் பயனில்லை என்றால், விசைக் கம்பி கைப்பிடிக்கு அருகே அடிக்கடி வளைந்து உள்ளே அறுந்திருக்கலாம். கேபிளை அசைக்கும்போது மட்டும் கருவி இயங்கினால் இது உறுதியாகிறது. பாதுகாப்புத் தொடர்பைக் கம்பி கட்டி நிரந்தரமாக இணைத்துவிடுவது சில இடங்களில் காணப்படும் ஆபத்தான பழக்கமாகும். அவ்வாறு செய்தால், பாகம் மாற்றும் கையில் 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர் மின்னழுத்தம் பாய வாய்ப்புண்டு.

வளிமம் வந்தும் பைலட் வில் தோன்றாதபோது

தேயும் பாகங்கள்: காற்று அல்லது ஆக்சிசனைப் பயன்படுத்தும் டார்ச்சின் எலெக்ட்ரோடு செம்பினால் ஆனது. அதன் நுனியில் ஆப்னியம் என்ற உலோகத்தின் சிறு துண்டு பதிக்கப்பட்டிருக்கும். ஆக்சிசனில் டங்ஸ்டன் விரைவில் எரிந்துவிடும். 2,233 பாகை செல்சியசில் உருகும் ஆப்னியம் அச்சூழலிலும் எலக்ட்ரான்களை நன்றாக வெளியிடும். ஒவ்வொரு தொடக்கத்திலும், ஒவ்வொரு அணைப்பிலும் ஆப்னியம் சிறிது சிறிதாக இழக்கப்பட்டு நுனியில் குழி உண்டாகிறது. குழி ஏறத்தாழ 1 முதல் 1.6 மி.மீ. ஆழத்தை அடைந்ததும் எலெக்ட்ரோடை மாற்றுமாறு தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பரிந்துரைக்கின்றனர். சரியான அளவு கருவியின் கையேட்டில் இருக்கும். இதனால் எலெக்ட்ரோடின் ஆயுளை வெட்டிய நேரத்தை மட்டும் கொண்டு கணிக்க இயலாது. நீண்ட கோடுகளை வெட்டும் எலெக்ட்ரோடைவிட, சிறு துளைகளை நூற்றுக்கணக்கில் போடும் எலெக்ட்ரோடு விரைவில் தேய்கிறது.

நாசில் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகியிருந்தாலோ, விளிம்பில் வெட்டுக்காயம் இருந்தாலோ அதையும் மாற்ற வேண்டும். எலெக்ட்ரோடுக்கும் நாசிலுக்கும் நடுவில் இருக்கும் சுழல் வளையம் வளிமத்தைச் சுழலச் செய்வதுடன் அவ்விரண்டையும் மின்காப்பிட்டுப் பிரிக்கவும் செய்கிறது. அதில் மயிரிழை விரிசலோ கரிக்கோடோ இருந்தால், உயர் அதிர்வெண் துடிப்பு நுனிக்குச் செல்லாமல் அக்கோட்டின் வழியே கசிந்துவிடும். டார்ச்சின் உள்ளே பொறி பறக்கும் ஒலி கேட்டும் நாசிலுக்கு வெளியே ஒன்றும் தெரியாவிட்டால் சுழல் வளையத்தையும் டார்ச் உடலையும் நல்ல ஒளியில் பார்க்க வேண்டும். ஓ வளையத்துக்கு மிகையாகப் பூசப்படும் கிரீசும் எரிந்து கரியாகி இதே விளைவைத் தரும். வளையம் மினுமினுக்கும் அளவுக்கு மெல்லிய பூச்சே போதுமானது.

தொடு தொடக்க டார்ச்சில் எலெக்ட்ரோடோ அதைத் தள்ளும் தண்டோ தடையின்றி நகர வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அதை விரலால் அழுத்தினால் உள்ளே சென்று, விட்டதும் திரும்பி வர வேண்டும். தூசு, கரி, வளைந்த வில்சுருள் ஆகியவற்றால் அது சிக்கிக்கொண்டால் முனைகள் பிரியா. வளிமம் பாயும், வில் தோன்றாது. அழுத்தம் குறைவாக இருந்தாலும் இதே நிலைதான்.

காற்றழுத்தம்: அழுத்தம் மிகக் குறைந்தால் தொடுமுனைகள் பிரியா. மிக அதிகமானால், பாசென் விதிப்படி தீப்பொறி தாண்டுவது கடினமாகும். தோன்றிய வில்லும் ஊதி அணைக்கப்படும். இதில் அடிக்கடி நிகழும் ஏமாற்றம், காற்று பாயாதபோது அளவியைப் படிப்பதாகும். ஓய்வில் 6 பார் காட்டும் அளவி, டார்ச் வழியாகக் காற்று பாயும்போது 4 பாருக்கு இறங்கலாம். குழாயின் குறுகிய விட்டம், அடைபட்ட வடிகட்டி, போதாத திறனுள்ள கம்ப்ரசர் ஆகியவை இதற்குக் காரணங்கள். எனவே காற்று பாயும் நிலையில்தான் அழுத்தத்தைப் படித்துச் சரிசெய்ய வேண்டும்.

ஈரப்பதம்: காற்றிலுள்ள நீர் பைலட் வில்லைத் தடுமாறச் செய்வதுடன், எலெக்ட்ரோடையும் நாசிலையும் விரைவில் அழிக்கிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர நகரங்களில் இதன் அளவு எளிதில் கணக்கிடத்தக்கது. 30 பாகை செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சமாக ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 விழுக்காடு எனில் அதில் 24 கிராம் நீராவி உள்ளது. அக்காற்றை எட்டில் ஒரு பங்குக் கொள்ளளவுக்கு அழுத்தி, மீண்டும் 30 பாகைக்குக் குளிர்வித்தால், அது தாங்கக்கூடியது 4 கிராமுக்கும் குறைவு. மீதி 20 கிராம் நீராக மாறுகிறது. நிமிடத்துக்கு 180 லிட்டர் காற்றை இழுக்கும் ஒரு டார்ச் தொடர்ந்து ஒரு மணிநேரம் இயங்கினால் 200 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர் கம்ப்ரசர் தொட்டியிலும் குழாயிலும் சேரும்.

சாதாரண வடிகட்டி நீர்த்துளிகளை மட்டுமே பிடிக்கும். நீராவி அதைக் கடந்து சென்று, குளிர்ந்த குழாயில் மீண்டும் துளியாகும். குளிர்விப்பு உலர்த்தியோ ஈரம் உறிஞ்சும் மணிகள் கொண்ட உலர்த்தியோ இருந்தால்தான் நீராவி நீங்கும். வில் இல்லாமல் வளிமத்தை மட்டும் பாயவிட்டு, டார்ச்சின் கீழ் ஒரு கண்ணாடியையோ வெள்ளைத் தாளையோ சில நொடிகள் பிடித்தால் ஈரமும் எண்ணெயும் இருப்பது தெரிந்துவிடும்.

உயர் அதிர்வெண் சுற்று: பாகங்களும் காற்றும் சரியாக இருந்தும் பொறி ஒலி கேட்காவிட்டால் கருவியின் உள்ளே பார்க்க வேண்டியுள்ளது. தீப்பொறி இடைவெளியின் முனைகள் தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கலாம், அல்லது தூசும் கரியும் படிந்திருக்கலாம். இடைவெளி கையேடு கூறும் அளவில், தடிமன் அளவியால் அமைக்கப்பட வேண்டும். கண்மதிப்பில் அகலமாக வைத்தால் பொறி வலுவாகும் என்ற எண்ணம் தவறு. அது மின்மாற்றியையும் மின்தேக்கியையும் வருத்தும்.

பொறி ஒலி தெளிவாகக் கேட்டும் பைலட் வில் தோன்றாவிட்டால், துடிப்பு பாதையைத் திறந்தும் அதன் வழியே செல்ல மின்னோட்டம் இல்லை என்று பொருள். பைலட் ரிலேயின் தொடுமுனை கருகியிருத்தல், பைலட் மின்தடை அறுந்திருத்தல், நாசிலுக்குச் செல்லும் பைலட் கம்பி துண்டித்திருத்தல், முதன்மை மின்வழங்கி திறந்த சுற்று மின்னழுத்தத்தைத் தராதிருத்தல் ஆகிய நான்கும் இங்கே ஆராயத்தக்கவை.

நீர்க்குளிர்ப்பு டார்ச்சுகளில் குளிர்நீரே மின்சாரத்தைக் கசியவிடலாம். தயாரிப்பாளர் குறிப்பிடும் திரவத்துக்குப் பதிலாகக் குழாய் நீரையோ வாகனங்களுக்கான குளிர்விப்பானையோ ஊற்றினால், அதில் கரைந்துள்ள உப்புகளும் சேர்மங்களும் உயர் அதிர்வெண் துடிப்பைத் தரைக்குக் கடத்திவிடும். கருவியில் எந்தப் பாகமும் பழுதாகாமலேயே பற்றவைப்பு நின்றுபோகும்.

பைலட் வில் எரிந்தும் தகட்டுக்குத் தாவாதபோது

பைலட் சுற்றில் உள்ள மின்தடை, நாசிலின் மின்னழுத்தத்தைத் தகட்டினுடையதைவிடச் சற்றுத் தாழ்த்தி வைக்கிறது. ஆகவே வில்லுக்குத் தகட்டின் பாதை எளிதாகிறது. அது நாசிலை விட்டுத் தகட்டுக்குத் தாவுகிறது. எர்த் பாதை தடைப்பட்டால் இந்த ஈர்ப்பு மறைந்துவிடும்.

வண்ணப்பூச்சு, துரு, உருட்டாலைச் செதில் ஆகியவற்றின்மேல் மாட்டிய கிளாம்பே இதன் முதற்காரணம். 60 ஆம்பியர் பாயும்போது தொடுமிடத்தில் 0.1 ஓம் தடை இருந்தால் அங்கு 6 வோல்ட் இழக்கப்பட்டு 360 வாட் வெப்பம் உண்டாகும். எனவே வேலை முடிந்ததும் கிளாம்ப் சூடாக இருப்பது ஒரு நம்பத்தக்க அடையாளமாகும். வெட்டு மேசைகளில் கிளாம்பை மேசைச் சட்டத்தில் மாட்டுவதுண்டு. தகட்டைத் தாங்கும் பட்டைகளின்மேல் கசடு தடிப்பாகப் படிந்திருந்தால் சட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையே தொடர்பு இராது. வெட்டுண்டு கீழே விழப்போகும் துண்டில் கிளாம்பை மாட்டினால், வெட்டு முடியும் தறுவாயில் வில் அணையும்.

அடுத்த காரணம் உயரம். பைலட் வில்லின் நாக்கு எட்டாத தொலைவில் டார்ச் இருந்தால் தாவல் நிகழாது. கணினிக் கட்டுப்பாட்டு மேசையில் டார்ச் முதலில் தகட்டைத் தொட்டு உயரத்தை அறிந்து, பின்னர் துளையிடும் உயரத்துக்கு ஏறும். வெட்டும் உயரம் 1.5 மி.மீ. எனில் துளையிடும் உயரம் ஏறத்தாழ 3 மி.மீ. என அமையலாம். தகடு அழுத்தத்தில் வளைந்து மீண்டாலோ, தொடு உணரி பிழைபட்டாலோ உண்மையான உயரம் இதைவிடக் கூடிவிடும். உயரம் மிகக் குறைந்தாலும் தீங்கே. துளையிடும்போது தெறிக்கும் உருகிய உலோகம் நாசில் துளையை அடைக்கும்.

தாவியபின் அணைதலும் பொய்யான பிழைச்செய்தியும்

வில் தாவிச் சில நொடிகளில் அணைந்தால் மின்வழங்கலையும் காற்றையும் வெட்டும் வேகத்தையும் பார்க்க வேண்டும். மெல்லிய கம்பியுள்ள நீண்ட இணைப்புக் கேபிளில் முழு மின்னோட்டம் பாயும்போது மின்னழுத்தம் சரியும். மிக மெதுவாக வெட்டினால் டார்ச்சின் கீழுள்ள உலோகம் முழுவதும் அகன்று, வில்லுக்குப் பிடிமானம் இல்லாமல் போகும்.

கணினிக் கட்டுப்பாட்டு மேசையில் "பற்றவைப்புத் தோல்வி" என்ற செய்தி வந்தாலும் வில் உண்மையில் எரிந்திருக்கக்கூடும். வில் மாறியது என்ற குறிப்பைக் கொண்டுசெல்லும் ரிலேயோ கம்பியோ பழுதானால், கட்டுப்பாடு காத்திருந்து பார்த்துவிட்டு வெட்டை நிறுத்திவிடும். தகட்டில் முழுமையான துளை விழுந்திருப்பின் டார்ச்சில் குறையில்லை. குறிப்புக் கம்பியையே சோதிக்க வேண்டும். உயர் அதிர்வெண் துடிப்பு கணினியை நிலைகுலையச் செய்வதும் உண்டு. டார்ச் கேபிளைக் குறிப்புக் கம்பிகளிலிருந்து விலக்கி அமைத்து, மேசையையும் கருவியையும் முறையாகத் தரையிணைப்புச் செய்தால் இது குறையும்.

ஓர் எடுத்துக்காட்டு

காலையில் நன்றாகப் பற்றும் 60 ஆம்பியர் கருவி, ஒரு மணிநேரத்துக்குப் பின் விட்டுவிட்டுத் தவறுகிறது என்று கொள்வோம். புதிய எலெக்ட்ரோடும் நாசிலும் மாட்டினால் சில நிமிடங்கள் சரியாகி, மீண்டும் தவறுகிறது. பாகங்களின் தரம் குறைவு என்ற முடிவுக்கு வருவது எளிது. காற்றில் பற்றவைத்துப் பார்க்கும்போது பைலட் வில் தோன்றுகிறது, ஆனால் படபடத்து நிறம் மாறுகிறது. எனவே விசை, பாதுகாப்புத் தொடர்புகள், உயர் அதிர்வெண் சுற்று, பைலட் ரிலே ஆகிய அனைத்தும் இயங்குகின்றன, எஞ்சியது வளிமம். வளிமத்தை மட்டும் பாயவிட்டுப் பிடித்த தாள் நனைகிறது. காலையில் காலியாக இருந்த கம்ப்ரசர் தொட்டியில் நீர் சேரச்சேர, அது டார்ச்சை எட்டியிருக்கிறது. புதிய பாகம் "சரிசெய்த"தன் காரணம், கழற்றி மாட்டிய இடைவேளையில் டார்ச் உலர்ந்ததும், தேயாத முனையில் வில் எளிதாகத் தோன்றியதுமே. தொட்டியை வடித்து உலர்த்தி பொருத்துவதே இதற்குத் தீர்வு. பாகம் மாற்றிக்கொண்டே இருந்தால், நல்ல எலெக்ட்ரோடுகள் நாள்தோறும் வீணாகும்.

பாதுகாப்பு

தேயும் பாகங்களைத் தொடும் முன் கருவியை நிறுத்தினால் மட்டும் போதாது. மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கருவியின் உறையைத் திறப்பது பயிற்சி பெற்ற மின்பணியாளருக்கு உரிய வேலையாகும். இணைப்பைத் துண்டித்த பின்னும் உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். கையேடு கூறும் நேரம் காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்பதை அளந்து உறுதிசெய்த பிறகே உள்ளே கை வைக்கலாம். உயர் அதிர்வெண் சுற்று இயங்கும்போது மல்டிமீட்டரை இணைத்தால் அது எரிந்துபோவதுடன், அளப்பவருக்கும் ஆபத்து நேரும். திறந்த சுற்று மின்னழுத்தத்தை அளக்க வேண்டுமெனில் முதலில் அச்சுற்றைச் செயலிழக்கச் செய்ய வேண்டும்.

பைலட் வில் சிறியதாக இருப்பதால் தீங்கற்றது என்று எண்ணக்கூடாது. அது கையுறையையும் தோலையும் நொடியில் துளைக்கும். அதன் புறஊதா ஒளி கண்ணைப் பாதிக்கும். சோதனைக்கு ஓரிரு நொடிகள் மட்டுமே எரிந்தாலும் உரிய கண்காப்பு தேவை.

தடுப்புமுறைகள்

பற்றவைப்புக் கோளாறுகளில் பெரும்பகுதியை எளிய பழக்கங்கள் தடுத்துவிடும். கம்ப்ரசர் தொட்டியை நாள்தோறும் வடித்தல், எர்த் கிளாம்ப் மாட்டுமிடத்தைப் பளிச்சென்று தேய்த்தல், எலெக்ட்ரோடின் குழியை வேலை தொடங்கும் முன் பார்த்தல், எலெக்ட்ரோடையும் நாசிலையும் இணையாக மாற்றுதல், வெட்டின் முடிவில் டார்ச்சைத் தகட்டு விளிம்புக்கு வெளியே ஓடவிடாமல் விசையை விடுதல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. விளிம்பைத் தாண்டி ஓடும் வில் திடீரென அறுபடும்போது ஆப்னியம் மிகுதியாகச் சிதறி இழக்கப்படுகிறது.

கோளாறு தேடும்போது ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். எந்த மாற்றத்துக்குப் பின் கருவி எவ்வாறு நடந்துகொண்டது என்பதைக் குறித்துவைத்தால், அடுத்தமுறை அதே கோளாறு வரும்போது தேடும் நேரம் குறையும். இரண்டு பாகங்களை ஒன்றாக மாற்றிக் கருவி சரியானால், வேலை நடக்கும். ஆனால் எது பழுதானது என்பது தெரியாமலே போய்விடும்.